உடைமையின் வேலி: நானி பல்கிவாலாவும் சிறு உழவரின் பட்டாவும்

உரிமை என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பேச்சுரிமை, வழிபாட்டுரிமை, வாக்குரிமை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. உடைமையும் ஓர் உரிமைதான் என்று எவரேனும் வாதிட்டால், அவர் செல்வர்க்காகப் பரிந்து பேசுகிறார் என்றே நாம் ஐயுறுகிறோம். அந்த ஐயத்துக்கு வரலாற்றில் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும், உடைமையுரிமை வலுவிழந்தபோது அதன் இழப்பைச் சுமந்தவர் யாவர் என்பதை ஆராய்ந்தால், நாம் எதிர்பாராத விடை கிடைக்கிறது. அவ்விடையை அறிவதற்குரிய நல்வழி, பொருளாதாரச் சுதந்திரத்தையும் தனிமனித உரிமையையும் பற்றி வாழ்நாள் முழுவதும் வாதாடியும் எழுதியும் வந்த வழக்கறிஞர் நானி பல்கிவாலாவின் சிந்தனையை, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மண்ணோடு பொருத்திப் பார்ப்பதாகும்.

இவ்விரு மாவட்டங்களிலும் உடைமை என்றால் ஆலையோ மாளிகையோ அன்று. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் இரண்டு மூன்று ஏக்கர் புன்செய், ஜெயங்கொண்டம் பக்கமாயின் ஒரு முந்திரிக் கொல்லை, லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலோ வளைகுடா நாடுகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய ஒரு மனை. இத்தகைய உடைமையைக் காப்பது ஒரு பட்டாவும் ஒரு கிரயப் பத்திரமும் மட்டுமே. அந்தக் காகிதத்தின் பின்னால் நின்று அதற்கு வலுவூட்டும் சட்டம் எது என்பதே நம் ஆய்வுக்குரிய வினா.

வாழ்வும் நூல்களும்

நானி அர்தேஷிர் பல்கிவாலா 1920 ஜனவரி 16இல் பம்பாயில் ஒரு நடுத்தரப் பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். பல்லக்குத் தொழிலோடு தொடர்புடைய முன்னோரின் பெயரே அக்குடும்பத்தின் பெயராயிற்று. இளமையில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தில் நாட்கணக்கில் குறிப்பேதுமின்றி வாதிட்டவர் அச்சிறுவரே என்பது வியப்புக்குரியது. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றபின் கல்லூரி விரிவுரையாளராக விரும்பினார். அவ்வாய்ப்பு கைகூடாமற் போகவே சட்டம் பயின்றார். சர் ஜம்ஷெத்ஜி காங்காவிடம் இளம் வழக்கறிஞராகச் சேர்ந்து, 1950இல் அவரோடு இணைந்து வருமான வரிச் சட்டத்துக்கு எழுதிய விரிவுரை, இன்றளவும் வழக்கறிஞர்களின் கைந்நூலாக விளங்குகிறது.

‘மிக அதிகமாக வரி விதிக்கப்படும் நாடு’ என்று பொருள்படும் நூலை 1965இலும், ‘சிதைக்கப்பட்டு மாசுபடுத்தப்பட்ட நம் அரசியல் சாசனம்’ என்று பொருள்படும் நூலை 1974இலும் வெளியிட்டார். ‘வீ, த பீப்பிள்’ 1984இலும், ‘வீ, த நேஷன்’ 1994இலும் வந்தன. இவற்றோடு, 1958 முதல் 1994 வரை மத்திய வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி அவர் ஆண்டுதோறும் ஆற்றிய உரைகளும் பெயர் பெற்றவை. ஒரு சிறு விடுதிக் கூடத்தில் தொடங்கிய அவ்வுரை, கூட்டம் பெருகிப் பின்னாளில் பம்பாயின் பிரபோர்ன் விளையாட்டரங்குக்கு இடம் மாற நேர்ந்தது. வரிக் கணக்கைக் கேட்க மக்கள் விளையாட்டரங்கில் கூடியது உலகில் அரிதான காட்சி. 1977 முதல் 1979 வரை அமெரிக்காவில் இந்தியத் தூதராகப் பணியாற்றிய அவர், 2002 டிசம்பர் 11இல் காலமானார்.

பொருளாதாரச் சுதந்திரம் என்பது யாது?

இச்சொல்லைப் பலர் வணிகர்களின் இலாப வேட்கைக்கு வேறு பெயர் எனக் கொள்வர். பல்கிவாலா கொண்ட பொருள் அதனினும் ஆழமானது. ஒருவனது வாழ்வாதாரம் முழுவதும் அரசின் கையில் இருக்குமாயின், அவனுடைய மற்ற உரிமைகள் ஏட்டளவிலேயே நிற்கும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதற்குத் தக்க சான்று, 1972இல் தீர்ப்பான பென்னட் கோல்மன் வழக்கு. அயல்நாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, செய்தித்தாள்களுக்குரிய காகிதத்தை அரசு பங்கிட்டு வழங்கியதோடு, பெரிய நாளிதழ்கள் பத்துப் பக்கங்களுக்கு மேற்படக் கூடாதென்றும் வரம்பு விதித்தது. எழுதாதே என்று எவரும் தடுக்கவில்லை. காகிதம் மட்டுமே குறைக்கப்பட்டது. பல்கிவாலா இதழ்களுக்காக வாதாடினார். காகிதத்தின் மீதான கட்டுப்பாடு கருத்தின் மீதான கட்டுப்பாடாகவே முடிகிறது என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்று அவ்வரம்பை நீக்கியது. ஓர் எளிய வணிகப் பண்டத்தின் பங்கீடு பேச்சுரிமையின் உயிர்நிலையைத் தொடக்கூடும் என்பதை அத்தீர்ப்பு உணர்த்திற்று.

வரியைக் குறித்தும் அவர் கருத்து இத்தகையதே. 1970களின் தொடக்கத்தில் தனிநபர் வருமானத்தின் மேல்தட்டில் மிகைவரியும் சேர்த்து 97.75 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய்தான் உழைத்தவனுக்கு மிஞ்சும். அத்தகைய வரி கருவூலத்தை நிரப்புவதில்லை. கறுப்புப் பணத்தையும் பொய்க் கணக்கையுமே வளர்க்கும் என்று அவர் எச்சரித்தார். அவ்வரி விகிதம் பின்னர் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. தமிழகத்திலும் இக்குரல் புதிதன்று. சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்து, உரிமம் அனுமதி ஆகியவற்றின் ஆட்சியை எதிர்த்தமை நம் முதியோர் அறிந்ததே.

சிறுபான்மையினராகிய நாம் பல்கிவாலாவை நினைவுகூர இன்னொரு காரணமும் உண்டு. 1974இல் அகமதாபாத் செயின்ட் சேவியர் கல்லூரி வழக்கில், சிறுபான்மையினர் தம் கல்வி நிறுவனங்களை நிர்வகிக்கும் உரிமைக்காக அவர் வாதாடினார். ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்நிர்வாகத்தில் பல்கலைக்கழகம் அளவுமீறித் தலையிடும் சட்டப் பிரிவுகள் சிறுபான்மைக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தா எனத் தீர்ப்பளித்தது. 1951இல் நிறுவப்பட்ட திருச்சி ஜமால் முகமது கல்லூரி, சென்னைப் புதுக்கல்லூரி போன்றவற்றில் பயின்ற நம் தலைமுறைக்கு அத்தீர்ப்பின் அருமை விளங்கும்.

மடத்தின் நிலமும் சாசனத்தின் அடிப்படையும்

பல்கிவாலாவின் பெயரை நிலைநிறுத்திய வழக்கு நிலத்தைப் பற்றியதே. கேரளத்தின் காசர்கோடு அருகேயுள்ள எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, மடத்து நிலங்கள் நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் பறிபோவதை எதிர்த்து 1970இல் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு வளர்ந்து, அரசியல் சாசனத்தை நாடாளுமன்றம் தன் விருப்பம்போல் திருத்தலாமா என்னும் பெருவினாவாக மாறிற்று. பதின்மூன்று நீதிபதிகள் 68 நாட்கள் விசாரித்தனர். 1973 ஏப்ரல் 24இல் ஏழுக்கு ஆறு என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் சாசனத்தைத் திருத்தலாம்; ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கலாகாது என்பதே அத்தீர்ப்பு.

1975 ஜூனில் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கில் அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் பல்கிவாலாவே. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் அவ்வழக்கிலிருந்து விலகினார். அதே ஆண்டு நவம்பரில், கேசவானந்த பாரதி தீர்ப்பை மறு ஆய்வு செய்யக் கூடிய பதின்மூவர் அமர்வின் முன் அவர் ஆற்றிய வாதத்தைத் தொடர்ந்து, அவ்வமர்வு ஓரிரு நாட்களிலேயே கலைக்கப்பட்டது. நீதிமன்ற வரலாற்றில் அதற்கு நிகரான சொல்வன்மை இல்லை என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கருதினார்.

இவ்வெற்றியில் ஒரு முரண் பொதிந்துள்ளது. அடிப்படைக் கட்டமைப்பு காக்கப்பட்டது. உடைமையுரிமையோ அக்கட்டமைப்பில் அடங்காது என்ற கருத்தே மேலோங்கிற்று. மடத்துக்கு நிலம் மீளவில்லை. வழக்கின் தொடக்கம் எந்த உரிமையோ, அவ்வுரிமையே வேலிக்கு வெளியே விடப்பட்டது.

1978இல் நேர்ந்த மாற்றம்

சாசனம் 1950இல் நடைமுறைக்கு வந்தபோது, சொத்தை ஈட்டவும் வைத்திருக்கவும் விற்கவும் உள்ள உரிமை 19ஆம் பிரிவிலும், சட்டப்படி இழப்பீடு தந்தாலன்றிச் சொத்தை எடுக்கலாகாது என்னும் பாதுகாப்பு 31ஆம் பிரிவிலும் அடிப்படை உரிமைகளாக இடம்பெற்றிருந்தன. நிலச் சீர்திருத்தத்துக்கு இவை தடையாயின. 1951இல் ஒன்பதாம் அட்டவணை உருவாக்கப்பட்டு, அதிற் சேர்க்கப்பட்ட சட்டங்கள் அடிப்படை உரிமையை மீறுவன என்னும் காரணத்தால் செல்லாதனவாகா என விதிக்கப்பட்டது. சென்னை மாநில நில உச்சவரம்புச் சட்டத்தை 1964இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அதே ஆண்டில் பதினேழாம் திருத்தம் அதனை இவ்வட்டவணையில் சேர்த்துப் பிழைக்கச் செய்தது.

இறுதியில் 1978இன் 44ஆம் திருத்தம் உடைமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்தே நீக்கி, 300ஏ என்னும் புதிய பிரிவை இட்டது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தும் பறிக்கப்படலாகாது என்பதே அதன் உள்ளடக்கம். இழப்பீடு என்னும் சொல் அதில் இல்லை. அடிப்படை உரிமை மீறப்பட்டால் 32ஆம் பிரிவின்படி நேராக உச்ச நீதிமன்றத்தை அணுகலாம். 300ஏ பிரிவுக்கு அவ்வழி திறந்திருக்கவில்லை. உடைமை அழியவில்லை, ஆனால் அதன் காவலன் ஒருபடி கீழே இறக்கப்பட்டான்.

இம்மாற்றத்தை ஏழைகளின் வெற்றி எனப் பலர் கொண்டாடினர். வங்கி உரிமையாளர்களும் மன்னர்களும் இனி நீதிமன்றப் படியேறி முன்னேற்றத்தைத் தடுக்க இயலாது என்பது அவர்களின் நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வாறு நிறைவேறிற்று என்பதை நம் ஊர்களில் காணலாம்.

நம் மண்ணின் அனுபவம்

அரியலூரும் உடையார்பாளையமும் முன்பு ஜமீன்கள். 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்கள் நீங்கி, உழுதவர்க்கு ரயத்துவாரிப் பட்டா கிடைத்தது. பெருவுடைமையை எடுத்ததால் சிறுவுடைமைகள் பிறந்தன. இது நீதியே என்பதில் ஐயமில்லை.

அவ்வாறு பட்டா பெற்ற தலைமுறையின் பிள்ளைகள் வாழும் ஜெயங்கொண்டம் வட்டாரத்தில், 1990களில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் அமைப்பதற்காகப் பல ஊர்களின் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீடு போதாதென்று நில உரிமையாளர்கள் நீதிமன்றங்களை நாடினர். ஆண்டுகள் உருண்டன. சுரங்கமும் வரவில்லை, மின் நிலையமும் எழவில்லை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பின் திட்டம் கைவிடப்பட்டு, நிலத்தை உரியவர்களிடமே திருப்பி அளிக்க அரசு முடிவெடுத்தது. நிலம் மீண்டது நன்று. ஆனால், கையகப்படுத்தப்பட்ட நிலத்தை விற்கவும் முடியாது. அடகு வைத்து மகளின் திருமணத்தையோ மகனின் படிப்பையோ நடத்தவும் முடியாது. அவ்விருபத்தைந்து ஆண்டுகளை எவர் திருப்பி அளிப்பார்?

பெரம்பலூர் மாவட்டத்தில் திருமாந்துறையைச் சுற்றி, சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காகச் சுமார் 3,000 ஏக்கர் நிலம் திரட்டப்பட்டது வேறொரு அனுபவம். அங்கும் நிலம் நெடுங்காலம் தரிசாகவே கிடந்தது. பல்கிவாலாவின் எழுத்துகளைப் படிப்போர் இங்கே கவனிக்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு: நிலத்தை எடுப்பவர் அரசாயினும் தனியாராயினும், எடுத்த நிலத்தைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்னும் கட்டுப்பாடு இல்லாவிடில் இழப்பு உழவனுக்கே.

அன்று நடைமுறையில் இருந்த 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில் பொதுநோக்கம் எது என்பதை அரசே முடிவு செய்தது. அண்டை நிலங்களின் பதிவு செய்யப்பட்ட கிரயத் தொகைகளே இழப்பீட்டுக்கு அளவுகோலாயின. முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்தக் கிரயப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம், நில எடுப்பு நாளில் அண்டை வீட்டாரின் இழப்பீட்டையும் சேர்த்துக் குறைத்தது. ஒரு சிறு பொய்யின் விலையை ஊரே செலுத்தியது.

ஃபிக்ஹு நூல்களின் நோக்கு

உடைமையின் காப்பைப் பற்றி நம் ஃபுகஹாக்கள் விரிவாகவே ஆராய்ந்துள்ளனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘அல்முஸ்தஸ்ஃபா’வில், ஷரீஅத்தின் நோக்கங்களாக மார்க்கம், உயிர், அறிவு, வம்சம், பொருள் ஆகிய ஐந்தின் காப்பை எடுத்துரைக்கிறார்கள். பொருளைக் காப்பது உயிரைக் காப்பதோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க விரும்பிய கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அதனையடுத்திருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டைக் கேட்டபோது, அன்னார் தர மறுத்தார்கள். இருவரும் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களை நடுவராக ஏற்றனர். தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக அமைந்தது; கலீஃபா அதற்குப் பணிந்தார்கள். தம் உரிமை நிலைநாட்டப்பட்ட பின்னர் அப்பாஸ் (ரலி) அவர்கள் அவ்வீட்டை விலையின்றியே முஸ்லிம்களுக்கு வழங்கினார்கள். பள்ளிவாசலை விடச் சிறந்த பொதுநோக்கம் எது? அதற்கும் உரிமையாளரின் இசைவோ நடுவரின் தீர்ப்போ தேவைப்பட்டது என்பதே இச்செய்தி தரும் சட்டக் கருத்து.

உஸ்மானியரின் சட்டத் தொகுப்பாகிய ‘மஜல்லா’ இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பொதுவழி அமைக்கத் தேவை ஏற்படின் ஆட்சியாளரின் ஆணைப்படி ஒருவரது நிலத்தை அதன் மதிப்புக்கு எடுக்கலாம். ஆயின் விலையைச் செலுத்தும் வரை நிலம் அவர் கையை விட்டு எடுக்கப்படலாகாது என்று 1216ஆம் பிரிவு விதிக்கிறது. முதலில் விலை, பிறகு நிலம். இந்த எளிய வரிசைமுறையே ஜெயங்கொண்டம் உழவர் போன்றோருக்குத் தேவைப்பட்டது.

அதேவேளை, ஃபிக்ஹு உடைமையை எல்லையற்றதாகக் கருதவில்லை என்பதையும் மறைத்தலாகாது. ஸகாத்தும் வாரிசுப் பங்கீடும் பதுக்கலுக்கு எதிரான தடையும் அதன் எல்லைகள். நிலத்தடிக் கனிமம் தனியார் நிலத்தில் இருந்தாலும் ஆட்சியின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்பது மாலிக்கி மத்ஹபில் பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. சுண்ணாம்புக்கல் மிகுந்த அரியலூரில் வாழ்வோர்க்கு இது வெறும் ஏட்டுச் சர்ச்சையன்று.

பல்கிவாலாவின் குறை

இவ்விடத்தில்தான் பல்கிவாலாவின் சிந்தனையிலுள்ள இடைவெளி புலப்படுகிறது. 1970இல் பதினான்கு வங்கிகளின் தேசியமயத்தை எதிர்த்த வழக்கிலும், அதே ஆண்டில் மன்னர் மானிய வழக்கிலும் அவர் வென்றார். சட்ட நுணுக்கத்தில் அவ்வெற்றிகள் சிறந்தவை. ஆயினும் உடைமையுரிமை என்றாலே வங்கியும் அரண்மனையும் என்று மக்கள் மனத்தில் பதிந்தமைக்கு அவையும் ஒரு காரணம். பட்டா இல்லாத கூலித் தொழிலாளிக்கு உடைமையுரிமை எதைக் காக்கும் என்ற வினாவுக்கு அவர் நூல்களில் நிறைவான விடை இல்லை. இருப்பவனது உடைமையைக் காப்பதோடு, இல்லாதவன் உடைமை பெறுவதற்கான வழியையும் ஒரு நீதியான ஒழுங்கு காட்ட வேண்டும்.

ஆனால் அவர் வாதத்தின் மையம் பழுதுபடவில்லை. செல்வனுக்குச் செல்வாக்கு வேலியாகிறது. அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தே தன் நிலத்தை அவன் காத்துக்கொள்வான். சாசனத்தைத் தவிர வேறு வேலி இல்லாதவன் சிறு உழவனே. அவ்வேலி தாழ்ந்தபோது முதலில் மிதிபட்டதும் அவன் கொல்லையே.

இன்றைய நிலை

நீதிமன்றங்கள் அவ்வேலியை மெல்ல மெல்ல உயர்த்தி வருகின்றன. நீலகிரியின் கூடலூர் ஜென்ம நிலங்கள் தொடர்பாக எழுந்த கோயல்ஹோ வழக்கில், 1973 ஏப்ரல் 24க்குப் பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களும் அடிப்படைக் கட்டமைப்புச் சோதனைக்கு உட்பட்டவை என 2007இல் தீர்ப்பாயிற்று. இமாச்சலப் பிரதேசத்தில் சாலைக்காக 1967-68இல் நிலம் எடுக்கப்பட்டு இழப்பீடே பெறாத எண்பது வயது மூதாட்டிக்கு, 2020இல் உச்ச நீதிமன்றம் நீதி வழங்கியது. சொத்துரிமையை ஒரு மனித உரிமை என்றும் கூறியது. 2024 மே மாதத் தீர்ப்பொன்று 300ஏ பிரிவுக்குள் ஏழு உரிமைகள் அடங்கியுள்ளன என்று வகுத்தது: முன்னறிவிப்பு, ஆட்சேபத்தைக் கேட்டல், காரணம் கூறும் முடிவு, பொதுநோக்கம், நியாயமான இழப்பீடு, காலந்தாழ்த்தாத நடைமுறை, எடுப்பை முறையாக நிறைவு செய்தல். அதே ஆண்டு நவம்பர் 5இல் ஒன்பது நீதிபதிகளின் அமர்வு, தனியார் சொத்து அனைத்தையும் சமுதாயத்தின் பொருள்வளம் எனக் கொள்ள இயலாது என்றது.

2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2013ஆம் ஆண்டின் புதிய நில எடுப்புச் சட்டம், தனியார் நிறுவனத்துக்காக எடுக்கும்போது பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் இசைவையும், சமூகத் தாக்க ஆய்வையும் வேண்டுகிறது. ஆயினும் தமிழகத்தில் நெடுஞ்சாலை, தொழில் வளர்ச்சி, ஆதிதிராவிடர் நலம் ஆகியவற்றுக்கான மூன்று மாநிலச் சட்டங்கள் தனியே இயங்குகின்றன; 2021இல் உச்ச நீதிமன்றமும் அவற்றை ஏற்றது. இழப்பீட்டுக் கணக்கு புதிய சட்டத்தின்படி அமைந்தாலும், இசைவும் ஆய்வும் அவற்றுக்குக் கட்டாயமல்ல.

எனவே நம் ஊர்களில் நிலமுடையோர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். கிரயப் பத்திரத்தில் உண்மை விலையையே எழுத வேண்டும். மறைந்த தந்தையின் பெயரிலேயே பட்டாவை விட்டுவைக்காமல் வாரிசுகள் பெயருக்கு மாற்ற வேண்டும். இல்லையேல் அறிவிப்பு உரியவர் கைக்கு எட்டாது. வெளிநாட்டில் இருப்போர் நம்பத்தக்க ஒருவரிடம் அதிகாரம் அளித்து, அறிவிப்புகளைக் கவனிக்கச் செய்ய வேண்டும். இழப்பீடு குறைவெனத் தோன்றினால், ஆட்சேபத்துடன் பெறுவதாக எழுத்தில் குறித்துப் பெற்று, உரிய காலத்துக்குள் மேல்விசாரணை கோர வேண்டும். ஆட்சேபம் குறிக்காமல் கையொப்பமிட்டவர் அவ்வுரிமையை இழப்பார்.

வரிச் சட்டத்துக்கு உரை எழுதத் தொடங்கிய பல்கிவாலா, நாட்டின் சாசனத்துக்கே உரை சொல்லும் நிலைக்கு உயர்ந்தார். அவர் வாதங்களில் பெரும்பகுதி பெருஞ்செல்வர்க்காக நிகழ்ந்தது உண்மை. ஆயினும் அவ்வாதங்கள் விட்டுச் சென்ற அளவுகோலைக் கொண்டு, ஒரு பெரம்பலூர் வெங்காய உழவனும் ஓர் அரியலூர் முந்திரி உழவனும் இன்று அரசை நோக்கி ‘இந்த நிலம் எதற்கு, என்ன விலைக்கு, எப்போது பயன்படுத்தப்போகிறீர்கள்?’ என்று கேட்கலாம். அவன் அப்படிக் கேட்டு விடை பெறும் நாளில்தான் உடைமையுரிமை செல்வரின் சொத்து என்னும் பழி நீங்கும்.